ஆறு கறுப்புக் கோப்பைகள்

இந்தக் காலத்துச் சனத்துக்குக் கேட்டில் மணி எதற்கு இருக்கிறதென்றே தெரியாது. கேட்டுக்கு முன்னால் வந்து நின்று போனில் கதைப்பார்கள். உள்ளே இருப்பவன் ஓடிவந்து திறக்க வேண்டும். திறந்துவிட்டால் ஒரு தலையாட்டல்கூடக் கிடையாது. அதைவிட மோசம், கையில் ஃபைலோடு வருகிற படித்த கூட்டம். ‘அங்கிள், ரெண்டு நிமிஷம்’ என்று தொடங்கி, வீட்டில் எத்தனை பேர், என்ன சாப்பாடு, எப்போது காய்ச்சல் வந்தது என்று அரைநாளைத் தின்றுவிடும். பதில் சொன்னால் எழுதும். ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டால் சிரிக்கும்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற லேன் ஒன்றில், நாலு மாடி பிளாட்டுக்குப் பதினொரு வருடமாக வாச்சராக இருக்கும் சின்னராசருக்கு இது தீராத எரிச்சல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எழுபத்தொரு வயதில் ஒருத்தரையும் நம்பாமல் சீவித்ததுதான் தன் படிப்பு என்று சொல்வார்.

இந்த வருடம் அந்த எரிச்சல் மூன்று மடங்காகியது. பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரே வான் வண்டியில் மூன்று கூட்டம் வந்து இறங்கியது. விஞ்ஞான பீடம் டெங்கு நுளம்பு எண்ண வந்தது. விவசாய பீடம் மொட்டை மாடியில் நாற்பது சாடிகளில் வெண்டியும் கத்தரியும் வைத்து, கொழும்பில் மரக்கறி விளையுமா என்று பார்க்க வந்தது. சமூகவியல்காரர் இதையெல்லாம் பற்றி மனிதர் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க வந்தார்கள். பிளாட் சங்கத் தலைவர் பாலசுந்தரம் மூன்று கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே ஏசிக்குள் போய்விட்டார். கேட்டைத் திறக்கிறது சின்னராசர்.

“நுளம்புக்கு ஒரு படிப்பு, கத்தரிக்காய்க்கு ஒரு படிப்பு, மனிசற்ற வாய்க்கு ஒரு படிப்பு. இன்னும் என்ன மிச்சம் கிடக்கு?” என்று றோஸியிடம் கேட்டார்.

றோஸி பிளாட்காரரின் உடுப்புகளுக்கு அயன் போடுகிறவள். கொட்டாஞ்சேனையிலிருந்து காலையில் பஸ்ஸில் வந்து, படிக்கட்டுக்குக் கீழே மேசையைப் போட்டால், பின்னேரம் ஐந்து மணிவரைக்கும் அவள் இடம் அதுதான்.

“ஒங்கள மாதிரி ஆளுங்க ஏன் இப்பிடி இருக்காங்கன்னு இன்னும் யாரும் படிக்கலண்ணே. அதுக்குத் தனி யூனிவர்சிட்டி கட்டணும்,” என்றாள் அவள்.

நுளம்புக் கூட்டத்தின் பிள்ளை அர்பா. மெல்லிய குரல், மரியாதையான பிள்ளை. அவள் ஆறு கறுப்புக் கோப்பைகளைக் கொண்டுவந்து, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு பலகைக் குச்சியைச் சாய்த்து, கட்டிடத்தைச் சுற்றி வைத்தாள். ஒன்று றோஸியின் மேசைக்குப் பக்கத்தில்.

சின்னராசர் கேட்டை விட்டு எழுந்து வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னர் பின்முற்றத்தில் கிடந்த ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் நுளம்புப் புழு இருந்ததென்று சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். கட்டிடம் சங்கத்தினுடையது, கூண்டில் ஏறியது அவர். கோட்டு வாங்கில் கள்ளனுக்கும் கஞ்சாக்காரனுக்கும் நடுவில் காலையிலிருந்து குந்தியிருந்து, சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் “ஒவ் சேர், ஒவ் சேர்” என்று தலையாட்டிவிட்டு வந்தவர். அன்றிலிருந்து தேங்கின தண்ணீரைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

“பிள்ளை, தண்ணி தேங்க விடாதை எண்டு கோட்டில சொல்றாங்கள். நீ ஊத்தி வைக்கிறாய். நாளைக்கு ஆர் கூண்டில ஏறுறது?”

“பர்மிஷன் லெட்டர் ஈக்கி அங்கிள். நுளம்பு வந்து இந்தக் குச்சில முட்ட போடும். நாங்க ஒவ்வொரு வியாழனும் வந்து எண்ணிட்டு, புழுவாகிறதுக்கு முந்தி கழுவி வெச்சிருவோம். நீங்க கை மட்டும் வெச்சிராதீங்க.”

“நான் ஏன் வைக்கிறன்?”

அன்று பின்னேரமே வைத்தார். ஆறு கோப்பையையும் கவிழ்த்து, குச்சிகளைத் தும்பாலும் சவர்க்காரத்தாலும் உரஞ்சித் தேய்த்து, வெறுங் கோப்பையாகத் திரும்ப வைத்தார். வியாழன் விடிய, வான் வருமுன்னர், பைப் தண்ணீர் ஊற்றி நிரப்பினார். எட்டுக் கிழமை அப்படியே நடந்தது. ‘படிக்கேல்லைதான், அதுக்காக மாங்காய் மடையன் இல்லை’ என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

மேலே நாற்பது சாடிக்கும் தண்ணீர் விடுகிற வேலையும் அவருடையதுதான். நாலாம் மாடிக்கு ஒழுகாமல் சாடிக்குக் கீழே தட்டு வைத்திருந்தார்கள். அந்தத் தட்டுகளில் நின்றது அவருக்குத் தேங்கின தண்ணீராகவே தெரியவில்லை. அது செடிக்கு ஊற்றின தண்ணீர். கிழமைக்கு இரண்டு கத்தரிக்காய் அவருடைய கறிக்கும் வந்தது.

ஒன்பதாம் கிழமை அர்பா ஒரு தாளைக் கொண்டுவந்து நோட்டீஸ் பலகையில் ஒட்டினாள். தமிழில், பெரிய எழுத்தில்: இந்தக் கட்டிடத்தில் நுளம்பு முட்டை எதுவும் காணப்படவில்லை.

“ஒங்கட எடம்தான் அங்கிள் ஆகக் க்ளீன்,” என்றாள்.

சின்னராசர் அந்தத் தாளை ஒரு நாளைக்கு நாலு தடவை பார்த்தார். கூண்டில் ஏறின கட்டிடம் அது. இப்போது பல்கலைக்கழகமே எழுதித் தந்திருக்கிறது. கோப்பை கவிழ்ப்பது கைப்பழக்கமாகத் தொடர்ந்தாலும், பார்க்கப் பார்க்க, அந்தப் பூச்சியம் எப்படி வந்ததென்பது அவருக்கே மறந்துபோனது.

றோஸி காலையில் வந்ததும் மேசைக்குக் கீழே நுளம்புச் சுருள் கொளுத்துவாள். அந்தப் புகை அவர் நெஞ்சுக்கு ஒத்துவராது. ஒரு நாள் இருமி இருமிக் கண்ணால் தண்ணீர் வந்த எரிச்சலில், பலகையைக் காட்டிச் சத்தம் போட்டார்.

“உனக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமோ இல்லையோ? நுளம்பு இல்லையெண்டு போட்டிருக்கு. ஆருக்கு இந்தப் புகை? அணை அதை.”

“அட, யூனிவர்சிட்டிய நம்புற ஆளாயிட்டீங்களே! மழ வரும் இன்னைக்கு,” என்று சிரித்துக்கொண்டே அவள் அணைத்தாள். பிறகு கொளுத்தவில்லை.

மூன்று கிழமை கழித்து றோஸி வேலைக்கு வரவில்லை. டெங்கு. பொரளையில் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், பிளேட்லெட் இறங்கிக்கொண்டு போகிறது என்று அவளுடைய தங்கச்சி போனில் சொன்னாள்.

மத்தியானம் நோயாளர் பார்க்கிற நேரம் சின்னராசர் போனார். வலைக்குள்ளே கிடந்தவள் முகம் ஊதி, கையெல்லாம் சிவப்புப் புள்ளி.

“பாருங்கண்ணே, மீன் மாதிரி வலையில போட்டுட்டாங்க.” மூச்சு வாங்கியது. “எங்க வீட்டுப் பக்கம்தான் கடிச்சிருக்கும். எங்க வீட்டு முன்னுக்கு இருக்கிற சாக்கடைக் காண் அந்த நாத்தம் நாறுது. நம்ம எடத்துல இல்லதானே. பேப்பர்லயே போட்டிருக்கே.”

சின்னராசர் வாயைத் திறந்தார்.

“ஓம்,” என்றார். “ஓம், அங்கதான் கடிச்சிருக்கும்.”

கொண்டுபோன செவ்விளநீரை அலுமாரிமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவர், வந்த இரண்டு பஸ்ஸையும் ஏறாமல் போகவிட்டார். பொய் சொல்லாத ஆள் இல்லை அவர். ஆனால் நோயில் கிடக்கிறவள் தன் பாட்டில் எடுத்துக் கொடுத்த பொய்யை, இரந்தவன் மாதிரிக் கை நீட்டி வாங்கிக்கொண்டு வந்தது இதுதான் முதல் தடவை. அடுத்த நாலு நாளும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தார்: கொட்டாஞ்சேனையில் நுளம்பு இல்லையோ? அங்கே கடித்திருக்காதோ?

வியாழன் வான் வந்தது. செய்தி கேட்டிருந்த அர்பா, கோப்பைகளைப் பார்க்காமல், வேறெங்காவது தண்ணீர் நிற்கிறதா என்று தேடி நேரே மொட்டை மாடிக்கு ஏறினாள். பின்னால் ஏறின சின்னராசர் கண்டது, அவள் சாடித் தட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றதை. தட்டில் புழு நெளிந்தது. அடுத்த தட்டிலும். அதற்கடுத்ததிலும்.

“இங்க இவ்வளவு ஈக்கேக்க கீழ ஒரு முட்ட கூட இல்லாம வராது,” என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “என்ட முறையிலதான் என்னவோ பிழ. விளங்காமலே பேப்பர ஒட்டிட்டேன். அந்த அன்ட்டி அதப் பாத்துத்தானே சுருள் கொளுத்தாம ஈந்திருப்பாங்க. நான்தான் அங்கிள்… நான்தான்…”

கூடவே மேலே ஏறி வந்திருந்த சமூகவியல் கூட்டத்துக் கொன்ஸ்ரன்ஸ் மிஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னராசருக்கு ஒரு கணம் மனதுக்குள் வந்தது, இந்தப் பிள்ளையே சுமக்கட்டும் என்று. வந்ததை நினைத்தவுடன் காது சுட்டது.

“அழாதை பிள்ளை,” என்றார். “கோப்பையைக் கழுவினது நான்.”

“எப்ப?”

“ஒவ்வொரு வியாழனும், நீங்கள் போன கையோட.”

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு நல்லாயிருந்திருக்கும். ஃபைலைத் திறந்து, அத்தனை கிழமைக் கணக்கின் மேலும் பேனையால் ஒரு கோடு இழுத்தாள்.

கொன்ஸ்ரன்ஸ் மிஸ்தான் கதைத்தாள். “ஏன் ஐயா கழுவினீங்கள்?”

அவர் வழக்கைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்துகொண்டு வந்தது, கொப்பி திறந்தது.

“இது பெரிய விசயம் ஐயா. பிழை எங்களில. உங்கட பயத்தை நாங்கள் கேக்கேல்லை. இதை அப்பிடியே எழுதவேணும்.”

“என்ர பேரோடையோ?”

“பேர் வராது. ‘பங்குபற்றுநர் இருபத்திமூன்று’ எண்டு போடுவம்.”

“கோட்டிலயாவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டவங்கள்,” என்றார் சின்னராசர். பிறகு, அடங்காமல், மிச்சத்தையும் கொட்டினார். “சுருளை அணைக்கச் சொன்னதும் நான்தான். எனக்கு இருமல். பேப்பரைக் காட்டி அணைப்பிச்சனான்.”

பேனை ஒரு கணம் நின்றது. “அப்பிடிச் சொல்லேக்க, நுளம்பு இல்லையெண்டு நீங்கள் உண்மையா நம்பினனீங்களோ?”

தன் கையால் கழுவின கோப்பையின் கணக்கை நம்பினேன் என்றால் மடையன். நம்பவில்லை என்றால் அதைவிடக் கேவலம். அவர் சாடியில் பழுத்து நின்ற கத்தரிக்காயையே பார்த்தார்.

“கொட்டாஞ்சேனையிலயும் கடிச்சிருக்கலாம் ஐயா. நிச்சயமாச் சொல்ல ஏலாது,” என்றாள் அவள், ஆறுதலாக.

நாலு நாளாகத் தனக்குள் அவர் சொல்லிப் பார்த்த அதே சொல். இன்னொருத்தி வாயால் கேட்டபோது கூசியது.

“நீங்கள் இதைச் சொன்னது எல்லாருக்கும் பிரயோசனமா வரும்.”

“றோஸிக்கு?”

“அது வந்து ஐயா, நீண்ட காலத்தில பார்த்தால்…” என்று அவள் தொடங்கினாள். நல்ல பிள்ளை, மனதாரத்தான் சொல்கிறாள். ஆனால் அந்தச் சொல் எங்கே போய் முடியுமென்று சின்னராசருக்கு விளங்கவில்லை, நம்பிக்கையும் வரவில்லை. அவள் முடிக்குமுன்னரே படியிறங்கினார். நோட்டீஸ் பலகையிலிருந்த தாளைக் கிழித்து மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். றோஸியைப் பன்னிரண்டு மணிக்குப் பார்க்க விடுவார்கள். கேட்டைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, காலி வீதிப் பக்கம் நடந்தார்.