எல்லாம் ஓடுகிறது

அந்த ஆஸ்பத்திரியில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்ன சிஸ்டம் என்பார்கள். பெரிய சிஸ்டம் அவனுடைய அத்தான், கூடப்பிறந்த அக்காவின் கணவர். தரைத்தளத்தின் கோடியில், எக்ஸ்ரே அறைக்கும் சலவை அறைக்கும் நடுவில், எப்போதும் குளிர்ந்து கிடக்கும் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, அத்தனை மாடிகளின் கம்ப்யூட்டர்களையும் இருவருமாகக் கட்டி மேய்த்து வந்தார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஓர் அறை இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு பிரிண்டர் நின்றால் போதும், பெரிய டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் வழி தெரிந்துவிடும்.

அத்தான் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்பு வலிக்கிறது என்று சொன்னவர், ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் பாதி வாழ்நாளைக் கழித்த மனுஷனுக்கு ஆஸ்பத்திரி எட்டவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் சின்ன சிஸ்டத்துக்கு யார் மேலென்று தெரியாத கோபம் வரும்.

அவர் போய்விட்டார். அவருடைய அக்கவுண்ட் போகவில்லை.

வேலையை விட்டுப் போகிறவர் கம்ப்யூட்டருக்குள் நுழையும் அக்கவுண்டை அன்றைக்கே மூடிவிட வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். போட்டவரே அத்தான்தான். ஆள் முக்கியமா, வயசானவரா என்றெல்லாம் பார்க்க மாட்டார். ஒரு தலைமை டாக்டர் ஓய்வு பெற்ற அன்று, அவர் இன்னும் கட்டடத்துக்குள் இருக்கும்போதே மூடிவிட்டார். நன்றியுரையை அச்செடுக்க முடியவில்லை என்று டாக்டர் தாம்தூம் என்று குதித்துக்கொண்டு வந்தார். அத்தான் அசைந்து கொடுக்கவில்லை. உரையை அவரே சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து, தன் பெயரில் அச்செடுத்துக் கொடுத்தார்.

அப்படிப்பட்டவரின் அக்கவுண்டை மைத்துனன் மாதக்கணக்கில் மூடாமல் வைத்திருந்தான். கேட்டவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. கம்ப்யூட்டர்கள் புதிதாக வந்த அவசரத்தில், தானாக ஓட வேண்டிய பல வேலைகளை அத்தான் தன் சொந்த அக்கவுண்டின் பேரிலேயே ஓடவிட்டிருந்தார். இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. இந்த 'இப்போதைக்கு' அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் சொல்வது. பத்து வருஷம் கழித்தும் அது இப்போதைக்காகவே இருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவுகள் வார்டுகளுக்குப் போவது, மருந்துக் கிடங்கின் இருப்பைப் புதுப்பிப்பது, அன்றாடம் எல்லா விவரங்களையும் பிரதி எடுத்து வைப்பது எல்லாம் அத்தானின் பேரில்தான் ஓடின. அக்கவுண்டைப் பூட்டினாலோ கடவுச்சொல்லை மாற்றினாலோ அத்தனையும் படுத்துவிடும்.

அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி அக்காவின் போனில் இருந்தது.

விடிந்ததும் விடியாததுமாக எல்லா இயந்திரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'எல்லாம் ஓடுகிறது' என்று ஒரே வரியில் மெயில் அனுப்பும் சின்ன நிரல் ஒன்றை அத்தான் எழுதி வைத்திருந்தார். முன்பெல்லாம் அதைப் பார்ப்பதற்காகத் தூக்கத்தில் துள்ளி எழுவார். அக்கா சண்டை போட்டாள். கடைசியில் அந்த மெயில் தனக்கு வராமல் அவளுக்கு வரும்படி செய்தார். அவள்தான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கக் கிளம்புவதற்காக முன்னாலேயே எழுந்திருப்பாளே. போனைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஓடுது, நீங்க தூங்குங்க" என்பாள். அவர் புரண்டு படுப்பார். அவர்கள் குடும்பம் பல வருஷம் இப்படித்தான் விடிந்தது.

அத்தான் இறந்த சில நாட்களில், துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, ஒரு காலையில் அக்கா போனை அவனிடம் நீட்டினாள். "பாரு, உங்க அத்தான் இன்னிக்கும் அனுப்பிட்டாரு" என்றாள். அனுப்பியவர் என்ற இடத்தில் அத்தானின் பெயர் இருந்தது. அவளது முகத்தைப் பார்த்தான். அன்றைக்கே தெரிந்துவிட்டது, தன்னால் அந்த அக்கவுண்டை மூட முடியாதென்று.

அவன் மூடாததை வேறொருவன் கண்டுபிடித்தான். ஒரு நாள் காலை வேலைக்கு வந்து திரையைப் பார்த்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வெளியிலிருந்து எவனோ அத்தானின் பெயரைப் போட்டு, கடவுச்சொல்லாக எதை எதையோ கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தவறு, தவறு, தவறு என்று வரிவரியாக ஓடியது. அந்த இடத்தை அடைத்தால் இன்னோர் இடத்திலிருந்து வந்தான். செத்துப்போனவரின் பெயரில் கதவைத் தட்டுகிறான். கதவு திறந்தால் அத்தனை நோயாளிகளின் விவரங்களும் அவன் கையில். நினைத்தால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டுப் பேரம் பேசலாம்.

மறைக்கவில்லை. நேராக நிர்வாக அதிகாரியிடம் போய்ச் சொன்னான். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"இத்தனை நாளா ஏன்பா மூடல?"

"அவர் பேர்ல நிறைய வேலை ஓடுது மேடம்."

"உங்க சொந்தக்காரர்னு எனக்குத் தெரியும். ஆனா மேல நானூறு பேர் படுத்திருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மூடிடணும்."

அவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பான். கோபப்படாமல் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒவ்வொரு வேலையாக எடுத்து, மனிதர் யாருடையதும் இல்லாத ஒரு புது அக்கவுண்டுக்கு மாற்ற ஆரம்பித்தான். முதலில் ரத்தப் பரிசோதனை. மாற்றும் நேரத்தில் முடிவுகள் போகாது என்பதால், லேப்காரர் காகிதத்தில் எழுதித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாடிப்படியில் ஓடினார். பெருத்த உடம்பு அவருக்கு. "யோவ் சின்ன சிஸ்டம், இன்னும் ஒரு தடவை ஓடினா என்னையும் அங்கேயே ஒரு படுக்கையில போட வேண்டியதுதான்" என்று கத்தினார். புது அக்கவுண்டில் முதல் முடிவு வார்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் இருவரும் மூச்சு விட்டார்கள். பிறகு மருந்துக் கிடங்கு. பிறகு பிரதிகள். பிரதி எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஒரு கோப்பைத் திருப்பி எடுத்துப் பார்த்தால்தான் நம்ப வேண்டும் என்பார் அத்தான். எடுத்துப் பார்த்தான். வந்தது. ஒவ்வொன்றையும் மாற்ற மாற்ற அந்தப் பெயருக்குக் கீழே இருந்த வரிசை குறைந்துகொண்டே போனது. அத்தானை அவரே கட்டிய வீட்டிலிருந்து தானே ஒவ்வோர் அறையாக வெளியேற்றுவது போல இருந்தது அவனுக்கு. மத்தியானம் சாப்பிடப் போகவில்லை.

கடைசியில் நின்றது காலை மெயில்.

அதையும் புது அக்கவுண்டுக்கு மாற்றி எழுதினான். அனுப்புகிறவர் பெயரைக் கேட்டது. அந்த இடத்தில் எதையும் எழுதலாம். யார் பெயரையும் போட்டு யாருக்கும் அனுப்ப அவனால் முடியும். அந்த அறையில் உட்கார்ந்தவனுக்கு முடியாதது என்று ஒன்றும் இல்லை. அத்தானின் பெயரை அடித்தான். நாளைக் காலையில் அக்காவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியப்போவதில்லை.

முன்னொரு முறை ஓர் அதிகாரி, தனக்கு ஆகாத ஒருவரின் மெயிலைத் திறந்து காட்டச் சொல்லி அத்தானைக் கேட்டார். நயமாகக் கேட்டார், பிறகு மிரட்டினார். "எல்லாச் சாவியும் எங்ககிட்ட இருக்கு சார். அதனாலதான் நாங்க திறக்கக் கூடாது" என்றார் அத்தான். அந்த வருஷம் அவருக்குச் சம்பள உயர்வு வரவில்லை. அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

அடித்த பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அழித்தான்.

மூடுவதற்கு முன்னால் அக்கவுண்டின் மெயில் பெட்டியில் வேலை சம்பந்தமான கடிதம் ஏதேனும் நிற்கிறதா என்று அனுப்பியவர் பெயர்களை மட்டும் பார்ப்பது வழக்கம். பெட்டியைப் பட்டியலிட்டான். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். தள்ளத் தள்ள அதே பெயர். ஒவ்வொரு காலைக்கும் ஒரு பதில். அக்கா எழுதியிருந்தாள்.

அவன் எதையும் திறக்கவில்லை. எழுந்து, கதவைப் பூட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா வீட்டுக்கு நடந்தான்.

அக்கா கணக்கு டீச்சர். கூடத்து மேஜையில் விடைத்தாள்களைப் பரப்பி வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஒவ்வொரு ஒயரிலும் அத்தானின் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். 'இது டிவி.' 'இது இஸ்திரிப் பெட்டி.' இணையப் பெட்டியின் ஒயரில் மட்டும், 'தொட்டால் கை இருக்காது.' அது அக்காவுக்காக எழுதியது.

"என்னடா இந்த நேரத்துல? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டியா?"

"அக்கா, அத்தானோட அக்கவுண்ட இன்னிக்கு மூடணும். எவனோ அது வழியா உள்ள வரப் பாக்குறான்."

அவள் பேனாவை மூடினாள். "மூடினா காலைல வராது. அதானே?"

"ஆமா."

"வேற எதுலயாவது அனுப்ப முடியாதா?"

"முடியும். அவர் பேர்லயே வர்ற மாதிரி செய்யலாம். மத்தியானம் செஞ்சேன்கூட. அப்புறம் அழிச்சிட்டேன். அது அவர் பேர்ல நான் உனக்கு எழுதுற மாதிரி ஆயிடும்க்கா."

"இப்ப மட்டும் அவரா அனுப்புறாரு?" என்றாள் அக்கா. குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. "மிஷின்தான். எனக்குத் தெரியாதா? என்னை என்ன பைத்தியம்னு நினைச்சியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொல்லாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் அழிக்கப் போகிறது அவளுடைய எழுத்து.

"அவர் பெட்டியில உன் மெயில் எல்லாம் இருக்கு."

அக்காவின் முகம் சட்டென்று சிவந்தது. "படிச்சியா?"

"இல்ல. உன் பேர் மட்டும் தெரிஞ்சுது. எதையும் திறக்கல."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். சின்ன வயசில் பொய் சொன்னால் கண்டுபிடிக்க அப்படித்தான் பார்ப்பாள். நம்பினாள். விடைத்தாள்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடியும் அடுக்கினாள். விடைத்தாளைப் பார்த்தபடியே, சின்னக் குரலில் கேட்டாள்.

"அதுல... ஏதாவது திறந்திருக்கா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. அத்தான் திறந்து பார்த்திருக்கிறாரா என்று கேட்கிறாள். ஒரு பொய் போதும் இப்போது. அந்தப் பெட்டியை அவனைத் தவிர உலகத்தில் யாரும் பார்க்கப் போவதில்லை.

"இல்லக்கா. எல்லாம் திறக்காமத்தான் இருக்கு."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

அக்கா தலையை ஆட்டினாள். கணக்கைப் போட்டு, தனக்குத் தெரிந்த விடையே வந்ததைப் பார்த்தவள்போல ஆட்டினாள். அப்புறம் அழுதாள். சடலத்தை எடுத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. விடைத்தாள்கள் நனையாமல் அவன் எடுத்து வைத்தான். அவனுக்கும் அழுகை வந்தது. அழுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "அதையெல்லாம் என்ன செய்வீங்க?"

"பெட்டியோட அழிஞ்சிடும். வேணும்னா மேடம்கிட்ட அனுமதி வாங்கி உனக்கு எடுத்துத் தரேன்."

"வேணாம்டா. எனக்கு எழுதினது இல்ல அது." சிவப்புப் பேனாவைத் திரும்ப எடுத்தாள். "அப்படியே போகட்டும். போய் மூடு. அவரா இருந்தா அன்னிக்கே மூடியிருப்பாரு."

திரும்பிப் போய் மூடினான். நிச்சயமா என்று இயந்திரம் கேட்டது. யாருக்கும் கேட்கிற கேள்விதான். ஆம் என்று அழுத்தினான். கதவைத் தட்டிக்கொண்டிருந்தவன் இன்னும் கொஞ்சநேரம் தட்டினான். அப்படி ஒருவர் இல்லை, அப்படி ஒருவர் இல்லை என்று பதில் போய்க்கொண்டே இருந்தது. சின்ன சிஸ்டம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு காலை மெயில் தன் போனுக்கு வரும்படி செய்து, நிர்வாக அதிகாரிக்கு முடிந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவன் போனில் அந்த வரி வந்தது. எல்லாம் ஓடுகிறது. அனுப்பியவர் இடத்தில் யாருடையதும் இல்லாத ஒரு பெயர் இருந்தது. பாயில் உட்கார்ந்தபடியே அக்காவின் எண்ணை அழுத்தினான். மணி முழுசாக ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"எல்லாம் ஓடுதுக்கா" என்றான்.

மறுமுனையில் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"சரிடா" என்றாள் அக்கா. "நீ தூங்கு."