ஆயுத பூஜை போட்ட சில்லு

1999. கோவையில் லேத் பட்டறை முதல் மாவு கிரைண்டர் வரை எல்லாவற்றுக்கும் ஆயுத பூஜை உண்டு. எங்கள் ஆராய்ச்சிக் கூடத்துக்கு மட்டும் விலக்கா? நான் அங்கே டாக்டர் பட்டத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் பெருமையெல்லாம் நகத்தளவு சிலிக்கான் சில்லு ஒன்று. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. ஒளியைப் பாய்ச்சினால் பச்சையாகத் திருப்பி அனுப்பும். புற்றுநோய்ச் செல் ஒட்டினால் சிவப்பாக மாறும். அப்படித்தான் நான் எழுதி வைத்திருந்தேன். சில்லுக்குத்தான் அது தெரியாது.

அன்னூரில் வாக்கப்பட்ட என் அக்கா சாந்தாமணிக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசியால் செல் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியும் சித்திரையிலிருந்து மழுப்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் என் சில்லைப் பற்றி அளந்துவிட்டேன்.

“ஏங்கண்ணு அருளு, உன்ற மிசினு ஊசியில்லாமப் பாத்துப்போடுமா?”

“செல்லை மட்டும் ஊசியிலதானுங்க்கா எடுக்கோணும்.”

“உன்ற மிசினுக்குன்னா குத்திக்கறேன். டாக்டருக்காவக் குத்திக்க மாட்டேன்.”

அப்படித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் எடுத்ததை மைக்ராஸ்கோப்புக்கு வைத்துக்கொண்டு, ஒரு சொட்டை எனக்குத் தந்தார். அக்காவை ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போய், அதைச் சில்லின் மேல் விட்டு விளக்கைப் போட்டேன். பளிச்சென்று சிவப்பு. அவள் முகம் வெளிறிப்போனது.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, சில்லைக் கழுவி வெறும் உப்புத் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். சிவப்பு. என் எச்சிலை வைத்தேன். அதற்கும் சிவப்பு. அப்போதுதான் உறைத்தது. முந்தின வாரம் ஆயுத பூஜையில் லேசருக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, சில்லில் பொட்டுக்கு இடமில்லை என்று அது இருந்த பெட்டிக்குள் கற்பூரம் காட்டி, புகை வீணாகக் கூடாதென்று மூடியையும் சாத்தியவன் சாட்சாத் நானேதான். துளையெல்லாம் கற்பூரம் அடைத்து, வெறும் சில்லே சிவப்பாகியிருந்தது. வெறும் சில்லை முதலில் சோதிப்பது பாலபாடம். அக்கா முன்னால் பந்தா காட்டும் அவசரத்தில் அதையும் விட்டிருந்தேன்.

அடுத்த பஸ்ஸில் அன்னூருக்கு ஓடினேன்.

“பயப்படாதீங்க்கா, மிசினு பொய் சொல்லிப்போட்டுது” என்று கற்பூரக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அப்ப ஆசுபத்திரிப் பக்கம் இனிப் போவ வேண்டாமல்ல?”

ரிப்போர்ட்டை நானே வாங்கி வருவதாகச் சொன்னேன்.

ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்றே இருந்தது. ஆரம்ப நிலைதான், உடனே ஆபரேஷன் செய்தால் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். பொய் என்று சிரித்த வாயால் இதை எப்படிச் சொல்வது? அன்னூருக்குப் போய்ச் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே அழுதுவிட்டேன்.

அக்கா என் தோளைத் தட்டினாள்.

“அழுவாத சாமி. மிசினு அன்னைக்கே சரியாத்தான் சொல்லுச்சு. நீதான் நம்பாம உட்டுப்போட்டே.”

கற்பூரக் கதையை மறுபடி எடுத்தேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. மாற்றுச் சேலையைப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“டாக்டரை நம்பியா வாரேன்? உன்ற மிசினை நம்பித்தான் வாரேன். நட.”

அந்தச் சில்லு உருப்படியாகச் சொன்னது அந்த ஒன்றுதான். அதையும் தப்பாகவே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா.