கடைசிக் குழாய்

"உங்க ஊர்ல கடைசிக் குழாய் எது?"

மாவட்ட ஆய்வகத்திலிருந்து சோதனைக்குத் தண்ணீர் எடுக்க வந்த நஸீரா, போன வசந்தத்தில் அனார்குலிடம் இப்படிக் கேட்டிருந்தாள். எங்கள் வீட்டுக் குழாய்தான் என்று அனார்குல் வாயெடுப்பதற்குள் தண்ணீர்க் குழுத் தலைவர் தோக்தோசுன் குறுக்கே வந்துவிட்டார்.

"வந்த விருந்தாளிய நிக்க வச்சா பேசுறது? மொதல்ல டீ குடிக்கட்டும்."

ஊருக்குத் தண்ணீர் விடும் மலையடித் தொட்டிக்குப் பக்கத்திலேயே அவர் வீடு. அங்கே டீ, ரொட்டி, வெண்ணெய். அங்கேயே பாட்டிலும் நிறைந்தது. குடிக்க உகந்த நீர் என்று அறிக்கை வந்தது. எப்போதும் அப்படித்தான் வரும்.

இப்போது அதே கடைசிக் குழாயடியில் அனார்குல் வாளியோடு குந்தியிருந்தாள். சாவுக்கென்று ஊர் வழக்கப்படி முற்றத்தில் நட்டிருந்த கம்பளிக் கூடாரத்துக்குள் அண்ணியைக் குளிப்பாட்டப் பெண்கள் காத்திருந்தார்கள். மஞ்சள் காமாலை. வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

இந்தக் குழாய் முதலில் இருமும், பிறகு நூல்போலக் கலங்கலாக ஒழுகும். வாய்க்காலுக்கு அடியில் எங்கோ உடைப்பு. குழாயில் வேகம் செத்த நேரமெல்லாம் ஆடுமாடு இறங்கிய வாய்க்கால் தண்ணீர் உள்ளே கசிந்துவிடும்.

இன்று திறந்ததும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவள் பாவாடையை நனைத்தது. கண்ணாடி மாதிரி இருந்தது.

"உசுரோட இருந்தப்ப ஒரு வாளிக்கு நாள் பூரா காத்துக் கெடந்தா," என்றாள் பக்கத்து வீட்டு ஸகின் அக்கா. "இப்ப பாரு, ஆறே வருது. தெரிஞ்சிருந்தா முன்னாடியே செத்திருப்பா, பாவி."

தோக்தோசுன் கண் சிவந்து நின்றார். "மேல்தெரு மொத்தமும் குழாய அடைச்சிருக்கும்மா. சாவு வீட்டுல தண்ணியில்லன்னா ஊருக்கே அசிங்கம். எவனாவது தொறந்தா கைய ஒடைப்பேன்னுட்டேன்."

மனதாரத்தான் சொன்னார். அவர்மேல் கோபப்படக்கூட அனார்குலால் முடியவில்லை.

குளிப்பாட்டி முடித்த நேரம் வாசலில் வண்டி நின்றது. காமாலைச் சாவு என்று ஆஸ்பத்திரி தகவல் கொடுத்திருந்ததால் நஸீராவை அனுப்பியிருந்தார்கள். தோக்தோசுன் அவளை டீக்கு அழைத்தார்.

"வேணாம்ண்ணே. இந்த வீட்டுக் குழாய்லதான் பிடிக்கணும்னு உத்தரவு."

அனார்குலுக்கு ஒருகணம் நம்பிக்கை பிறந்தது. பிறகு அவள் குழாயைப் பார்த்தாள்.

நஸீரா சாராயத்தில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் கிருமி சாகக் குழாய் வாயைச் சுட்டாள். கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பாட்டிலைத் திறந்தாள்.

"அக்கா, இன்னிக்குப் பிடிக்காதீங்க," என்றாள் அனார்குல்.

"ஏம்மா?"

"மேல எல்லாரும் அடைச்சிருக்காங்க. அதான் இப்படி வருது. நாளைக்கு வந்து பாருங்க. இது எங்க தண்ணியே இல்ல."

"நாளைக்கு வண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிடும். இனி இலையுதிர்காலத்துலதான்."

"நான் சொன்னதையாவது எழுதிக்குங்க."

"பாட்டில்ல இருக்கறதத்தான் அவங்க பாப்பாங்க. நீ சொல்றத எங்க ஊத்தி அனுப்ப?"

பாட்டில் நிறைந்தது. தோக்தோசுன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "நல்ல நாளாப் பாத்து வந்தீங்க, எவ்வளவு சுத்தமா..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணன் மகள் மீரிம் தள்ளாடி வந்து தண்ணீருக்குள் இரண்டு கையையும் நீட்டினாள். இவ்வளவு வேகமான தண்ணீரை அவள் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே அள்ளிக் குடித்தாள். அனார்குல் பாய்ந்து தூக்கினாள். இன்றைய தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்பது தூக்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. இருந்தும் இறக்கிவிடவில்லை.

"நாளைக்கும் இவ இதத்தானே அக்கா குடிக்கணும்?"

கூடாரத்துக்குள் பெண்களின் ஒப்பாரி எழுந்தது. நஸீரா பாட்டிலை மூடி, பனிக்கட்டிப் பைக்குள் படுக்காமல் நிறுத்தி வைத்தாள். குழந்தையின் நனைந்த மோவாயைப் பார்த்தாள். தன் தலைத்துணியின் முனையால் அதை மெல்லத் துடைத்துவிட்டாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கப்படி வாசலில் கோலூன்றி அழுதுகொண்டிருந்த ஆண்களுக்கு நடுவே குனிந்து போய், வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.