ருசி அக்கா கதையில் நான் எழுதாமல் விட்டவை

1

இந்தக் கதை எனக்கு ஒரு முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. என் முறை வரும்வரை, அட்டை கிழிந்த ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பிரபலம், தனக்குப் பல வருடமாகப் புலிமியா இருந்ததாகச் சொல்லியிருந்தார். வயிறு கொள்ளாத அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு, பிறகு பயந்துபோய் அதை வலிய வெளியேற்றும் நோய். அவர் யார் என்று சொல்லப்போவதில்லை. அவர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் முதல் பத்திரிகைக்காரர் வரை எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவர், இதை எப்படித் தனியாகவே சுமந்தார் என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்:

‘குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அவள்...’

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். இதே நோயோடு இருக்கும் யாராவது இதை வாசிக்கக்கூடும். அவருக்கு நான் வழி காட்ட வேண்டாம்.)

2

சரி, வேறு மாதிரி தொடங்குகிறேன். என் கதையில் வருபவள் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்துகிறவள். கரண்டியிலிருந்து ஒரு துளி நாக்கில் பட்டதும் கண்ணை மூடி “ம்...” என்பாள். அந்த ‘ம்’முக்காகவே வேலையைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் உண்டு. ருசி அக்கா என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

படப்பிடிப்பு முடிந்ததும் மீதி உணவை எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். அவளும் சாப்பிடுவாள், கட்டுப்பாடு கைவிட்டுப் போகும்வரை. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுவாள். அச்சகம் நடத்தும் அவள் கணவர் இதை வெறும் வயிற்றுக்கோளாறு என்று நினைத்திருந்தார். நினைக்க வைத்தவளும் அவள்தான்.

3

ஒருநாள் படப்பிடிப்பின் இடைவேளையில் குளியலறைக்குப் போனவள், கழுத்துப்பட்டியில் குத்தியிருந்த மைக்கை அணைக்க மறந்து போய்விட்டாள். திரும்பி வரும்போதுதான் அதன் சின்ன விளக்கு எரிவதைப் பார்த்தாள். உள்ளே நடந்ததெல்லாம் கேட்டிருக்கும். ஆனால் தளத்தில் எதுவும் மாறவில்லை. கேமராக்காரர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் போனில் யாரிடமோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூலையில் ஹெட்போனோடு இருந்த ஒலிப்பதிவுப் பெண் மட்டும் எழுந்து வந்து, பேட்டரி மாற்றுவதுபோல் அவள் பக்கத்தில் குனிந்தாள்.

“அக்கா, மத்தவங்களுக்குப் போற சத்தத்தை உடனே நிறுத்திட்டேன். எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு.”

“நீ யார்கிட்டயும்...”

“சொல்லமாட்டேன். ஆனா இது முதல் தடவை இல்லைன்னு தோணுது. டாக்டரைப் பாக்கலாமா? தனியாப் போகக் கூச்சமா இருந்தா நானும் வர்றேன்.”

இப்படி ஒரு நாளுக்காக அவள் விதவிதமான பொய்களைத் தயாராக வைத்திருந்தாள். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது கொட்டாவி. அடக்க முடியாமல் அடுத்தடுத்து வந்த கொட்டாவி. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

4

முதல் பிரதியில் இந்த ஒலிப்பதிவுப் பெண் அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து பத்திரிகைக்கு விற்றுவிட்டாள். திருப்பம் வேண்டுமே! படித்துப் பார்த்த என் மனைவி தாள்களை மேசையில் வைத்தாள்.

“இந்தப் பொண்ணை எதுக்கு இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்க? நல்லவளா இருந்தா உங்க கதை நகராதா?”

பேனாவை எடுத்து அந்தப் பகுதியை அடித்துவிட்டேன். (கெட்டவள் என்றால் வாசகர் காரணம் கேட்பதில்லை. நல்லவள் என்றால் சான்றிதழ் கேட்கிறார்.) உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் இருக்கட்டும். என்னிடம் சான்றிதழ் எதுவும் இல்லை.

5

ருசி அக்காவும் ஒலிப்பதிவுப் பெண்ணும் மருத்துவரிடம் போனார்கள். இது கள்ளத்தனம் அல்ல, நோய்தான், சிகிச்சை உண்டு என்று மருத்துவர் சொன்னார். இயக்குநர் முணுமுணுத்துக்கொண்டே விடுப்புக் கொடுத்தார். கணவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார்.

“பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியலையே” என்றார் கடைசியில். “இனிமே சாப்பிட்டதும் எழுந்து போக வேணாம். கொஞ்ச நேரம் பேசிட்டு இருப்போம்.”

பேச விஷயம் இல்லாமல், எதிர்வீட்டு நாய் யாரைப் பார்த்துக் குரைக்கிறது என்பதில் சண்டை போட்டுக்கொண்டார்கள். சில நாள் சறுக்கினாள். சறுக்கியதை அவளே சொன்னாள். யாரும் கத்தவில்லை. மெல்ல மெல்லக் குணமானாள். ‘முழுக்க’ என்று எழுதி அடித்துவிட்டேன். பெரும்பாலும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6

அவள் வேலைக்குத் திரும்பிய வாரம், பேட்டி எடுக்க வீட்டுக்கு ஒரு நிருபர் வருகிறார். “இவ்வளவு சாப்பிட்டும் எப்படி மேடம் இப்படியே இருக்கீங்க?” என்று சிரித்தபடி கேட்கிறார்.

ஒரு முடிவில் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். மறுநாள் ஊரே அதைப் பேசுகிறது. இன்னொன்றில், “வேற ஏதாவது கேளுங்க” என்கிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டுமே அவளுக்குப் பொருந்துகின்றன. சொல்லியே ஆக வேண்டும் என்று அவளைக் கட்டாயப்படுத்த நான் யார்? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். அவள் எதைச் சொன்னாலும், நிருபர் கிளம்பிப் போன பிறகு அவளுக்குப் பசிக்கும். எல்லாருக்கும் வருகிற சாதாரணப் பசி. போய்ச் சாப்பிடுவாள். அந்த வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.