வில்லை எண் 2316

ஏழு மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில் செல்லமுத்துவுக்குக் கண்ணும் இடுப்பும் ஒருசேரப் போயின. 1988ஆம் வருடம். நாமக்கல்லில் ஒரு டிரைவர் சங்கத்தில் அவர் குமாஸ்தா. ஐயாயிரம் டிரைவர்களுக்கும் எண் பொறித்த அடையாள வில்லை தந்து, ஆளுக்கோர் அட்டையும் ஊர்வாரியாக வைத்திருந்தார். அவ்வளவையும் கட்டம் போட்ட பெரிய அட்டவணையாகத் தட்டி முடித்தார். அட்டைகள் மூட்டையாகிக் கிடங்குக்குப் போயின.

கம்ப்யூட்டர் கொண்டுவந்த சேலத்துக்காரர் வேறொரு புரோகிராமும் காட்டினார். அதில் ஒரு ஆளின் விவரமெல்லாம் ஒரே பதிவாக இருக்கும், ஒன்றைவிட்டு ஒன்று நகராது, எண்ணைக் கேட்டாலும் ஊரைக் கேட்டாலும் எடுத்துத் தரும் என்றார். இனி ஒன்றைப் புதிதாகக் கற்க உடம்பில் தெம்பில்லை. கட்டமே போதும் என்றுவிட்டார் செல்லமுத்து.

பொதுக்குழுவுக்குப் பெயரும் ஊரும் அகரவரிசையில் வேண்டுமென்று செயலாளர் கேட்டார். கேட்டது அந்த இரண்டும்தானே என்று, அந்த இரண்டு பத்திகளை மட்டும் குறித்து வரிசைப்படுத்திச் சேமித்துவிட்டார் மனுஷன். பெயரும் ஊரும் இடம் மாறின. வில்லை எண்கள் இருந்த இடத்திலேயே நின்றன, ஒருவர் எண்ணுக்கு எதிரே இன்னொருவர் பெயர். வரிசை அழகாயிருக்கிறதென்று ஆளாளுக்கு மெச்சினார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை நாக்பூர் போலீசிலிருந்து போன் வந்தது. ரயில் நிலையத்தில் ஒருவர் காய்ச்சலில் இறந்து கிடக்கிறார். சட்டைப்பையில் சங்கத்துப் பித்தளை வில்லை மட்டும், எண் 2316. புதன் காலைக்குள் குடும்பம் கேட்டால் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் எரித்துவிடுவார்கள். எண்ணைத் தட்டியதும் கம்ப்யூட்டர் சொல்லிற்று: நாச்சிமுத்து, எருமப்பட்டி.

சாவுச் சேதியைத் தந்தியில் சொல்வதில்லை, ஆளே போய்ச் சொல்வது என்பது சங்கத்து வழக்கம். செல்லமுத்து பஸ் ஏறினார். நாச்சிமுத்துவின் அண்ணனைத் தோட்டத்தில் பார்த்துச் சொல்லி, அவரோடு வீட்டுக்குப் போனார். மனைவி கண்ணாத்தாள் வாசலில் விழுந்து அழுதாள். ஊர் கூடி, பந்தலுக்குக் கால் நடும்போது, சாயங்கால பஸ்ஸில் நாச்சிமுத்துவே தோளில் பையோடு வந்து இறங்கினான்.

அடிக்காமல் விட்டார்களே, அதுவே பெரிது. அடிப்பதற்குப் பதில் கோழி அடித்தார்கள். சாப்பிடாமல் போகக்கூடாதென்று கண்ணாத்தாள் இலை போட்டாள். பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப செத்தது யாரு ஊட்டு ஆளுங்க?"

அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் பசி, சாப்பிட்டார்.

மறுநாள் கிடங்கில் அட்டை மூட்டைகளைப் பிரித்தார். ஊர்வாரியாகக் கட்டியவற்றில் எண்ணைத் தேட வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகப் புரட்டுவதைத் தவிர வழியில்லை. செவ்வாய் முழுவதும் போயிற்று. புதன் உச்சிப்பொழுதில் கிடைத்தது: கந்தப்பன், ஆட்டையாம்பட்டி, மனைவி பாவாயி. நாக்பூருக்குப் போன் போட்டார். காலையிலேயே எரித்துவிட்டோம் என்றார்கள்.

இந்த முறை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பாவாயி அழாமல் முழுவதும் கேட்டாள்.

"மொகத்தப் பாக்க முடியாதுங்களா?"

"காத்தாலயே எரிச்சுப் போட்டாங்களாமுங்க."

"உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

பொய் சொல்லலாம்தான். அதற்கும் தெம்பில்லை.

"திங்கக்கெழமைங்க."

"நேரா இங்க வந்திருக்கலாமில்லீங்க?"

கையிலிருந்த அட்டையை அவளிடம் நீட்டினார். அதன் மூலையில் கந்தப்பனின் சின்னப் போட்டோ ஒட்டியிருந்தது.