ஹீட்டரை மொய்த்த குஞ்சுகள்

என் அண்ணனுக்கு இரக்கம் வந்தால் வீட்டில் ஏதாவது ஒன்று சாகும். போன முறை ரோஜாச் செடி. வாடுகிறதே என்று மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைத்தான். இந்த முறை என் டிஸ்கஸ் மீன் குஞ்சுகள்.

டிஸ்கஸ், தட்டு மாதிரி வட்டமான அமேசான் ஆற்று மீன். உப்புக் குறைந்த, வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். தையல் கம்பெனியிலிருந்து வந்ததும் டீ கூடக் குடிக்காமல் தண்ணீர் மாற்றுவேன். என்ன செய்து என்ன, என் ஜோடி ஒவ்வொரு தடவையும் முட்டையிட்டுத் தானே தின்றுவிடும். இந்தத் தடவைதான் குஞ்சுகள் பொரிந்து, நீந்திப் போய்ப் பெற்றவர்களின் விலாவில் ஒட்டிக்கொண்டன. பெரிய மீனின் தோலில் ஊறும் வழவழப்புதான் அவற்றுக்கு முதல் சாப்பாடு. வேறெதையும் சீந்தாது. தாய் களைத்தால் உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பித் தகப்பனிடம் தள்ளிவிடும். இன்று வேலைக்குக் கிளம்பவே எனக்கு மனசில்லை.

சாயங்காலம் வந்து பார்க்கிறேன், பெரிய மீன் இரண்டும் வாளியில், குழாய்த் தண்ணீரில், கறுத்துச் சாய்ந்து கிடக்கின்றன. தொட்டியில் குஞ்சுகள் கறுப்பு ஹீட்டரைத் தாயென்று நினைத்து மொய்த்துக்கொண்டிருந்தன.

"யாரு எடுத்தது?"

அண்ணன் கட்டிலில் பாதி எழுந்தான். "நான்தான். அந்தப் பொடிசுங்க பெருசை உயிரோட கடிச்சுத் தின்னுச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. நீ கிளம்பின கையோட பிரிச்சு விட்டுட்டேன்."

குஞ்சுகளுக்குப் பகல் முழுக்கப் பட்டினி. வாளியில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சூடாக்கி, பெரியவற்றைத் திரும்ப விட்டேன். குஞ்சுகள் அவற்றை நோக்கி ஓடின. மிரண்டிருந்த தகப்பன் முதலில் வந்ததை விழுங்கியது. நான் வலையை எடுப்பதற்குள் தாயும் ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தொட்டியில் குஞ்சென்று ஒன்றுமில்லை.

பாத்திரம் தேய்க்கும் வீடுகளிலிருந்து அப்போதுதான் வந்த அம்மா, நடந்ததைக் கேட்டுவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"விடுடி. அவன் நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சான். மறுபடி முட்டை போடாதா?"

நான் கையிலிருந்த வலையைக் கீழே போட்டேன்.

"குஞ்சு தாயைத் தின்னா பாவம்னு இவனுக்குத் தெரியுதும்மா. நாப்பது வயசுல உன்னைத் தின்னுட்டு இருக்கானே, இவனை எந்த வாளியில தூக்கிப் போடுறது?"

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தரையில் கையூன்றி எழுந்து அடுப்படிக்குப் போனாள். தட்டில் சாப்பாடு போட்டுக் கட்டிலுக்கே கொண்டுபோனாள்.

"அவ ஏதோ கோவத்துல பேசுறா. நீ சாப்பிடுப்பா."

அவன் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டான்.