மாதிரிகளுக்கு நடுவே ஒரு கேக்

குளிர்பெட்டியைத் திறந்தபோது ரத்த மாதிரிகள் அடுக்கிய தட்டிலேயே ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி இருந்தது. ரிப்பன் வேறு கட்டியிருந்தார்கள். 'உணவுப் பொருள் வைக்கக் கூடாது' என்று கதவில் இருந்த காகிதம் நான் என் கையால் ஒட்டியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்களிலிருந்து கிருமி எதுவும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும், தண்ணீர் பாட்டில்கள் மேசைக்கடியில் போய்விடும், கழற்றி வைத்த கையுறைகளை அவசர அவசரமாக மாட்டிக்கொள்வார்கள். மாமியார் வந்த வீடுகூடத் தோற்றுவிடும். ஒருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அம்மா போன பிறகு வீட்டிலும் பேச ஆளில்லை. மதியம் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவேன். யாராவது கேட்டால் பழகிவிட்டது என்று சொல்வேன். பழகவில்லை.

"யார் வச்சது இது?"

டெக்னீஷியன் எழுந்து வந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய், வாயாடி. "நாலு மணிக்குத்தானே மேடம் வருவீங்க? இப்ப ரெண்டுதானே ஆகுது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"உங்களுக்குத்தான் மேடம். பயிற்சிப் படிவத்துல உங்க பிறந்த தேதியப் பாத்தேன். சாப்பாட்டு ரூம் ஃப்ரிட்ஜ்ல வச்சா அரை மணி நேரத்துல காலி பண்ணிடுவாங்க. இதுலதான் ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்கன்னு..."

ரிப்பனை அவிழ்த்தேன். வெள்ளை க்ரீமின் மேல் சிவப்பில் 'எங்கள் பூதக்கண்ணாடிக்கு' என்று எழுதியிருந்தது. எனக்கு அப்படியொரு பட்டப்பெயர் இருப்பதே அன்றுதான் தெரியும். அதைக்கூட விட்டுவிட்டேன். 'எங்கள்' என்பதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இந்த ஆய்வகத்தின் மேல் ஏற்கெனவே ஒரு குறை பதிவாகியிருக்கிறது. இன்னொன்று எழுதினால் ஒரு மாதம் பூட்ட வேண்டும், ஆறு பேரின் வேலை அப்படியே நிற்கும். எழுதாமல் விட்டால் அடுத்த வாரம் இதே தட்டில் யாருடைய மதியச் சாப்பாடாவது இருக்கும். ஆறு பேரும் என் பேனாவையே பார்த்தார்கள்.

"இந்த ஒரு தடவ விட்டுடுங்க மேடம். வெளிய எடுத்துட்டுப் போய் எல்லாருமா வெட்டலாம்."

"சாப்பிடக் கூடாது. அந்தத் தட்டுல இருந்தது." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

எழுதினேன். படிவத்தை நீட்டியபோது அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். "ஆசைப்பட்டு வாங்கினோம் பாருங்க, எங்களச் சொல்லணும்" என்றாள்.

கேக்கை நானே கழிவுப் பையில் போட்டுக் கட்டி, கிருமிகளை நீராவியில் அவித்துக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குள் வைத்தேன். ஒரு மணி நேரம் அதன் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்ததும் அந்த அறையின் வழக்கமான நாற்றம் வரவில்லை. வெனிலாவும் சூடான சர்க்கரையும் முகக்கவசத்தைத் தாண்டி வந்து, நடைபாதை வரை பரவின.

வழியில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். முன்பின் பார்த்திராத முகம்.

"கேக் வாசனை வருதே! யாருக்குங்க பிறந்தநாள்?"

"எனக்குத்தான்" என்றேன்.

பக்கத்து எந்திரம் சீறிய சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ. கையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். தடித்த கையுறையோடு பையைத் தூக்கினேன். எழுத்துகள் எல்லாம் கரைந்து, வெள்ளையும் சிவப்பும் கலந்து, பையின் அடியில் இளஞ்சிவப்பாகத் தேங்கி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தன.